இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரின் வழக்கு

எனக்கு லேசில் ஆச்சரியம் வராது. பழனி அடிவாரத்தில் சாமி படமும் பாசிமணியும் விற்கிற குடும்பத்தில் பிறந்தவள் நான். மலையில் உருகி உருகிக் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர், எங்கள் கடை வாசலில் ஒரு பாசிமணிக்கு அரைமணி நேரம் பேரம் பேசுவதைப் பார்த்தே வளர்ந்தேன். அதனால் மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கையும் கிடையாது, பெரிய ஏமாற்றமும் கிடையாது. சொன்ன விலைக்குப் பாதி கிடைத்தால் எங்கள் வீட்டில் அது நல்ல வியாபாரம். அப்படிப்பட்ட நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்த கதை ஒன்று உண்டு.

பி.காம் முடித்திருந்தேன். என் வாய்க்கு மாப்பிள்ளை அமைய நாளாகும் என்று அம்மா முடிவு கட்டி, கொடைக்கானலில் பெரியப்பா வைத்திருந்த பிரவுசிங் சென்டரைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டாள். ஏழு ரோடு பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒடுக்கமான கடை. அப்போதுதான் பிராட்பேண்ட் மலையேறியிருந்தது. கதவைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கீபோர்டைத் துடைத்தால் துணி ஈரமாகும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய் யு.பி.எஸ். கத்த ஆரம்பிக்கும். வட்டக்கானலில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்கள், விடுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ரிசல்ட் பார்க்க வருகிறவர்கள், இவர்களை அதட்டுவதுதான் என் உத்தியோகம்.

ஒரு நாள் காலையில் கடை திறக்கும்போதே ஓர் அக்கா ஸ்வெட்டருக்குள் கையை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றார். அட்டுவம்பட்டியில் வீடு. சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். புருஷன் இல்லை, அம்மாவும் பள்ளிக்கூடம் போகிற மகளும்தான். வட்டக்கானலில் கெஸ்ட் ஹவுஸ் ஒன்றில் ரூம் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, வெள்ளனே ஆள் வராத நேரத்துல ஒரு கம்ப்யூட்டர் கொறஞ்ச வாடகைக்குத் தருவீங்களா?" என்றார்.

"எதுக்குக்கா?"

"போட்டோ வெட்டுற சோலி."

எனக்குச் சிரிப்பு வந்தது. கத்தரிக்கோல் கொண்டு வந்திருக்கிறாரா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை நடத்திய இலவச வகுப்பில் போட்டோ திருத்துகிற சாஃப்ட்வேர் கற்றிருந்தார். கெஸ்ட் ஹவுஸில் தங்கிய ஒரு பெண், வெளிநாட்டு வேலைகளை இணையத்தில் வாங்கித் தரும் ஒரு தளத்தில் அக்காவின் பெயரைப் பதிந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சின்னச் சின்ன வேலைகள் இரண்டு செய்து, நல்லபடியாகக் காசும் வந்திருக்கிறது. இப்போது பெரிதாக ஒன்று வந்திருந்தது. எங்கோ ஒரு நாட்டில் ஷூ கடை வைத்திருப்பவர், கடை ஷூக்களையெல்லாம் மேஜை மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார். மேஜையையும் சுவரையும் வெட்டி எடுத்துவிட்டு ஷூ மட்டும் வெள்ளையில் நிற்கும்படி செய்து தர வேண்டும். நூற்றுக்கணக்கில் ஷூ. எல்லாமே இடது கால்.

"வலது கால யாரு வெட்டுறா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் தெரியும்," என்றார் அக்கா.

இரண்டாம் நம்பர் கம்ப்யூட்டரைக் கொடுத்தேன். சுவரோரம் இருப்பதால் குளிர் குறைவு.

அந்தத் தளத்தின் ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. வேலை கொடுப்பவர் முதலிலேயே காசைத் தளத்தில் கட்டிவிட வேண்டும். வேலை முடிந்து அவர் சரி என்றதும் அது வேலை செய்தவருக்குப் போகும். பந்தயக் காசை நடுவில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது போலத்தான். இருவருக்கும் தகராறு வந்தால் தளத்தின் ஆள் ஒருவர் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார் என்றும் எழுதியிருந்தது. அந்த வரியை நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் அடுத்த தெருப் பஞ்சாயத்துக்கே ஆள் கிடைப்பதில்லை, கடல் கடந்து யார் வரப்போகிறார்கள்?

அந்த வேனலோடு கெஸ்ட் ஹவுஸை யாரோ குத்தகைக்கு எடுத்து, பழைய ஆட்களை நிறுத்திவிட்டார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அக்காவின் அண்ணன், மூன்று பேரும் அங்கேயே வந்துவிடுங்கள் என்று போன் மேல் போன் போட்டார். அக்காவுக்குப் போக மனமில்லை. மகள் இங்கே நன்றாகப் படித்தாள். அம்மாவுக்கு மலைக்குக் கீழே அடிக்கிற வெயில் ஒத்துக்கொள்ளாது. "இந்த ஷூ காசு வந்துட்டா பிள்ளைக்குப் பீஸ் கட்டி, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கி வீட்லயே ஒக்காந்துருவேன். வந்தா கொடைக்கானல், வரலேன்னா திருப்பூர்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து கரண்ட் போனால் முதலில் இரண்டாம் நம்பரைத்தான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம். தினமும் எழுந்து போகும் முன் தளத்தின் வழியாக ஷூ கடைக்காரருக்கு ஒரு தகவல் எழுதிப் போடுவார். இங்கிலீஷ் தத்தக்கா பித்தக்கா என்றுதான் இருக்கும். இன்றைக்கு இந்த ஷூக்கள் முடிந்தன. மழை, கரண்ட் இல்லை, அதனால் இரண்டு குறைவு. சிவப்புச் செருப்பின் வாரில் பசை ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன். ஒரு காக்கி ஷூவில் கயிற்றின் நுனி படத்துக்கு வெளியே போய்விட்டது, வேறொரு ஷூவிலிருந்து நுனியைக் கடன் வாங்கி ஒட்டியிருக்கிறேன், நிறம் கொஞ்சம் கூடுதல், வேண்டாமென்றால் சொல்லுங்கள்.

ஒன்றுக்கும் பதில் வராது.

"அக்கா, அந்தாளு இதையெல்லாம் படிக்கிறான்னு நெனக்கிறீங்களா?"

"படிக்காட்டி என்னா? ரூம விட்டு வரயில பல்பு ஃப்யூஸ், கொழாய் ஒழுகுதுன்னு ஓனர்ட்ட சொல்லிட்டுத்தான் வரணும். அது மாதிரித்தான்."

"ஷூ கடைக்காரன் நம்ம தொல்லை தாங்காம கடைய மூடிரப் போறான்," என்று கிண்டல் செய்வேன். அக்கா சிரித்துக்கொண்டே அனுப்பு பட்டனை அழுத்துவார்.

படங்கள் கனமானவை. தளம் அவ்வளவு கனத்தை வாங்கிக்கொள்ளாது என்பதால், ஷூ கடைக்காரர் இணையத்தில் தன் கடைக்கென்று வைத்திருந்த இடத்திலேயே நேராக ஏற்றச் சொல்லி ஒரு பாஸ்வேர்ட் கொடுத்திருந்தார். அக்கா ஏற்றிக்கொண்டே வந்தார். எல்லாம் முடித்த அன்று எனக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

பஜ்ஜி செரிப்பதற்குள் வம்பு வந்தது. சில நாள் மௌனத்துக்குப் பிறகு ஷூ கடைக்காரர் தளத்தில் புகார் கொடுத்திருந்தார். வேலை ஒழுங்காக நடக்கவில்லை, கொஞ்சம் படங்கள்தான் வந்தன, வந்ததும் உதவாது, என் கடையாட்களை வைத்து நானே செய்துகொண்டேன், கட்டிய காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று. பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தார், அக்கா ஏற்றிய படங்களை இனி அங்கிருந்து எடுக்க முடியாது. தளத்திலிருந்து கேட்டார்கள்: நீங்கள் செய்த படங்களின் பிரதி உங்களிடம் இருக்குமே, அனுப்புங்கள்.

"எடுங்கக்கா," என்றேன்.

"எல்லாத்தையும் தொடச்சிட்டேன்," என்றார்.

"என்னது?"

"அன்னன்னைக்கு ஏத்துனதும் அழிச்சிருவேன். அந்தக் குப்பைத்தொட்டியவும் கொட்டிட்டுத்தான் எந்திரிப்பேன். அடுத்தவங்க கம்ப்யூட்டர்ல நம்ம சாமானப் போட்டுட்டுப் போகலாமா? ரூமக் காலி பண்ணயில, ஆளு தங்குன தடமே இருக்கக் கூடாது."

நான் கத்தினேன். உள்ளே உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பையன்கள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். ரூம் துடைக்கிற புத்தியைக் கம்ப்யூட்டரில் காட்டினால் இப்படித்தான் ஆகும் என்றுகூடச் சொல்லிவிட்டேன். அக்கா மவுஸுக்குக் கீழே இருந்த அட்டையை நேராக்கி வைத்தார். எனக்கு மேற்கொண்டு கத்த வரவில்லை.

மறுநாள் ஷூ கடைக்காரரே இறங்கி வந்தார். விவகாரத்தை வளர்க்க வேண்டாம், பாதி கொடுக்கிறேன், ஒத்துக்கொண்டால் முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு உயிர் வந்தது. கையில் ஆதாரமே இல்லாத கேஸுக்குப் பாதி என்றால் கும்பிட்டு வாங்கிக்கொள்ள வேண்டாமா? பீஸையாவது கட்டிவிடலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் விவகாரம் தீர்ப்புக்குப் போகும். அதற்குத் தனிக் கட்டணம், தளத்தில் அக்கா எடுக்காமல் வைத்திருந்த பழைய வேலைக் காசிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். தோற்றால் அதுவும் போச்சு. சொல்லப்படுகிற தீர்ப்புதான் கடைசி, அதற்கு மேல் பேச்சில்லை.

"யோசிக்காதீங்க. வெரசா சரின்னு போடுங்க," என்றேன்.

"அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாறேன்."

கம்ப்யூட்டரையே பார்த்திராத அம்மாவிடம் இதில் என்ன கேட்பது என்று எனக்கு எரிச்சல். மறுநாள் காலையில் அக்கா வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"வேணாம் தங்கச்சி. அது அரைப்பேரு."

புரியவில்லை. அக்கா உட்கார்ந்து சொன்னார். தோட்டத்தில் ஒரு நாள் உழைத்ததைக் கணக்கில் ஏற்றுவதற்குப் பேர் போடுவது என்று சொல்வார்களாம். முழு நாள் கூலிக்கு முழுப்பேர். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை ஈரம் என்பார், தண்டு என்பார், எடை பற்றாது என்பார். அன்றைக்கு அரைப்பேர்தான். விடியலிலிருந்து மழையில் நின்று அட்டைக் கடியோடு பறித்திருந்தாலும் பாதி நாள்தான் வேலைக்கு வந்தாய் என்று ஆகிவிடும். அம்மா அப்படி வாங்கிய அரைப்பேர்களுக்குக் கணக்கே இல்லையாம்.

"கூலி கொறஞ்சது கூட எங்கம்மாவுக்குப் பெரிசில்ல. முழு நாளும் நின்னவள அரை நாள்தான் நின்னான்னு சொன்னாங்கல்ல, அதத்தான் இன்னைக்கும் சொல்லிக்கிட்டுக் கெடக்கு. பாதிய வாங்கிட்டா, நான் பாதிதான் செஞ்சேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. செஞ்சேனா இல்லையா, அத மட்டும் அவங்க சொல்லட்டும். செய்யலேன்னு சொன்னா திருப்பூருக்குப் போறேன்."

பாதி என்பது எங்கள் கடையில் வியாபாரம். அந்த வீட்டில் அது வேறு ஒன்றாக இருந்தது. கூட்டித் துடைக்கிற வேலையும் போன ஒரு பெண், கையில் வந்த பாதியைத் தள்ளிவிட்டு இப்படி உட்கார்ந்திருப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

தீர்ப்புக்கு அனுப்பும் விளக்கத்தை நான்தான் எழுதினேன். என் இங்கிலீஷ் அக்காவுடையதை விடக் கொஞ்சம் தேவலை, என் கோபம் ரொம்பவே தேவலை. மோசடி, திருட்டு, ஏழைகள் வயிற்றில் அடிப்பது என்று வெளுத்து வாங்கியிருந்தேன். அக்கா வரிக்கு வரி அர்த்தம் கேட்டார்.

"இதெல்லாம் வேணாங்க. அவரு மனசுல என்னா இருக்குன்னு நமக்கெப்படித் தெரியும்? நாம செஞ்சத மட்டும் சொல்லுங்க. அழிச்சதையும் சொல்லுங்க."

"அழிச்சத எதுக்குச் சொல்லணும்? நம்ம தலையில நாமளே மண்ணப் போட்டுக்கவா?"

"கேட்டிருக்காங்கல்ல."

என் சூடெல்லாம் வெட்டப்பட்டு, நாலைந்து வரி மிஞ்சியது. ஷூவைச் சுற்றியிருந்த மேஜையையும் சுவரையும் அக்கா எடுத்த மாதிரி. அதில் அழித்ததும் இருந்தது, ஏன் அழித்தார் என்பதும் இருந்தது. அனுப்பினோம்.

காத்திருந்த நாட்களில் பேய்மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. கரண்ட் வந்தால் நெட் வராது, நெட் வந்தால் கரண்ட் போய்விடும். அக்கா தினமும் வந்து, வாசலிலிருந்தே என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்று தலையாட்டுவேன். போய்விடுவார். திருப்பூர் அண்ணன் அங்கே வாடகைக்கு வீடு பார்த்து வைத்துவிட்டார் என்று ஒரு நாள் சொன்னார்.

பிறகு தளத்திலிருந்து வந்தது ஒரே ஒரு கேள்வி. எழுதியவரின் பெயர்கூட இல்லை. காக்கி ஷூவின் கயிற்று நுனியை வேறொரு ஷூவிலிருந்து எடுத்து ஒட்டியதாக நீங்கள் ஒரு நாள் எழுதியிருக்கிறீர்கள், எந்த ஷூவிலிருந்து எடுத்தீர்கள்?

நான் அதை மூன்று தடவை படித்தேன். மழையையும் பசையையும் கயிற்றையும் பற்றி அக்கா தினமும் எழுதிப் போட்டு, ஷூ கடைக்காரர் ஒரு வரிகூடப் பதில் போடாத அத்தனையும் அந்தத் தளத்திலேயே இருந்திருக்கிறது. நானே மறந்துபோயிருந்தேன். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை முதலிலிருந்து படித்திருக்கிறார்.

"பக்கத்துல கருங்காப்பி நெறத்துல ஒரு பூட்ஸ் இருந்துச்சு, அதுலேருந்துதான்," என்றார் அக்கா. அப்படியே பதில் எழுதினேன்.

எழுதிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, ஷூ கடைக்காரர் எல்லோரும் பார்த்து வாங்கும்படி வைத்திருந்த இணையக் கடைப் பக்கத்தைத் திறந்தேன். இவ்வளவு நாள் திட்டித் தீர்த்தேனே தவிர அந்தக் கடைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் காலத்து நெட்டில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வெள்ளை. பிறகு காக்கி ஷூவின் கழுத்து. பிறகு கயிற்றின் முடிச்சு. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். முடிச்சுக்குக் கீழே கயிறு தொங்கியது, இறங்கியது, நின்றது. கடைசி விரல்கடை அளவுக்கு மட்டும் நிறம் கூடுதல். கருங்காப்பி.

"என் கயிறு," என்றார் அக்கா.

பக்கத்துப் படங்களில் சிவப்புச் செருப்பு பசையில்லாமல் நின்றது. கடை முழுவதும் அக்கா வெட்டிய ஷூக்கள், வெள்ளையில், எல்லாம் இடது கால். கடையாட்களை வைத்துத் தானே செய்துகொண்டதாகச் சொன்னவர், கடன் வாங்கிய நுனியைக்கூட அப்படியே தொங்கவிட்டிருந்தார். எங்களுக்கு முன்னாலேயே இதை அந்தப் பெயரில்லாத ஆள் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறார்.

இரண்டு நாளில் தீர்ப்பு வந்தது. முழுத் தொகையும் வேலை செய்தவருக்கு. கட்டணமும் அவருக்குத் திரும்பும். கீழே சின்னதாகக் காரணம் எழுதியிருந்தார்கள். பிரதிகள் இல்லாதது குறைதான். ஆனால் இவர் தினமும் அனுப்பிய தகவல்கள் அனைத்தையும் படித்தேன், அவற்றோடு கடையில் இருக்கும் படங்களையும் ஒப்பிட்டேன், வேலையைச் செய்யாத ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது.

அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். "முழுசாவா?" என்று கேட்டார். "முழுசாத்தான்." மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இரண்டாம் நம்பர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். நானும் அழுதேன். எதற்கு மறைக்க வேண்டும்? அந்த ஆளுக்கு நன்றி எழுதலாம் என்று தேடினோம். வழக்கு முடிந்துவிட்டதால் பதில் எழுதும் கட்டமே எடுக்கப்பட்டிருந்தது. அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர், அங்கேயும் மழையா, ஒன்றும் தெரியாது.

அன்று சாயங்காலமே அக்கா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒல்லியான உடம்பு, தலையைச் சுற்றி மஃப்ளர். கடைக்குள் செருப்போடு வரலாமா என்று கேட்டு, நான் வரலாம் என்ற பிறகும் கழற்றிவிட்டுத்தான் வந்தார். தீர்ப்புச் சொன்ன ஆளைப் பார்க்க வேண்டுமாம். நான் தீர்ப்பு இருந்த பக்கத்தைத் திறந்து காட்டினேன். எழுத்துக்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுல அவரு மொகம் இல்லையா?"

"இல்லம்மா."

"அவரு எம் மகளப் பாத்திருக்காரா?"

"இல்லம்மா. எழுதுனதப் படிச்சதுதான்."

"பாக்காமயா முழுப்பேரு போட்டாரு?" என்றார் அம்மா. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு முன்னுக்கு நின்னு, என் கையையும் கூடையையும் பாத்துக்கிட்டேதான்டி அரைப்பேரு போட்டாங்க."

அந்த அம்மா திரையைத் தொடலாமா என்று கண்ணாலேயே என்னைக் கேட்டார். தொடச் சொன்னேன். ஈரம் படிந்த கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாசலில் ஒரு வெள்ளைக்காரர் குடையை மடக்கிக்கொண்டே, இரண்டாம் நம்பர் காலியா என்று கேட்டார். இல்லை என்றேன்.